வென்றவரின் மௌனம்

கிறிஸ்துவுக்கு இறைச் சித்தம் ஒன்று மட்டுமா, மனிதச் சித்தமும் சேர்த்து இரண்டா? இந்தக் கேள்வியால் கொன்ஸ்தாந்திநோபிளில் அண்ணனும் தம்பியும்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சண்டையைத் தீர்த்துவைக்கப் பேரரசரே ஆயர்களின் சபையைக் கூட்டினார்.

துறவி நிக்கேத்தாஸைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். சித்தம் இரண்டு என்று சொன்னதற்காகப் பத்து வருஷம் உள்ளே கிடந்தவர். அவரை உள்ளே தள்ளியவர் ஆயர் மெலேத்தியோஸ், முந்தைய பேரரசரின் செல்லப்பிள்ளை.

சீடன் தியோனாஸ் குருவின் அருகே நின்றான்.

"சித்தம் இரண்டு," என்றார் பேரரசர். "நிக்கேத்தாஸுக்கு விடுதலை. மெலேத்தியோஸின் நாக்கை அறுங்கள்."

தியோனாஸுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் சபை முழுவதும் ஒரே குரலில் "இதுவே விசுவாசம்" என்று முழங்கினால்தான் தீர்ப்பு செல்லும். ஆயர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். முந்தைய பேரரசர் "ஒன்று" என்றபோதும் இதே தொண்டைகள்தான் கத்தின.

நிக்கேத்தாஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தூணருகே கத்தியுடன் நின்றவன் பேரரசரைப் பார்த்தான். மெலேத்தியோஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சுவாமி, சொல்லிவிடுங்கள்." தியோனாஸ் குருவின் அங்கியைப் பிடித்து இழுத்தான். "நீங்கள் சொன்னதைத்தானே சொல்லச் சொல்கிறார்கள்!"

"உமக்குச் சாதகமாகத்தானே தீர்ப்புச் சொன்னேன்?" பேரரசர் சீறினார். "இன்னும் என்ன?"

"அந்தக் கத்தியை வெளியே அனுப்புங்கள், பேரரசே. மறு நொடியே சொல்கிறேன்."

"என் தீர்ப்பில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் தள்ளுவீரோ?"



வென்றவரே வாய் திறக்காத தீர்ப்பை வைத்துக்கொண்டு பேரரசர் என்ன செய்வார்? நிக்கேத்தாஸ், மெலேத்தியோஸ் இருவரையும் ஒரே தீவுக்கு நாடு கடத்தச் சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து போனார்.

தியோனாஸும் குருவோடு கப்பலேறினான். கப்பல் கரையை விட்டு விலகியது. மூலையில் உட்கார்ந்திருந்த மெலேத்தியோஸ் முணுமுணுத்தார்:

"என்ன இருந்தாலும் சித்தம் ஒன்றுதான்."

தியோனாஸ் கொதித்துப் போனான். "கேட்டீர்களா, சுவாமி? பத்து வருஷம் உங்களை இருட்டில் போட்டவர். இந்த நாக்குக்காகவா விடுதலையைத் தூக்கி எறிந்தீர்கள்?"

"என்றைக்காவது ஒருநாள் 'நீ சொன்னது சரி' என்று அவர் வாயால் கேட்க ஆசை, தியோனாஸ்," என்றார் நிக்கேத்தாஸ். "நாக்கை அறுத்துவிட்டால் எப்படிச் சொல்வார்?"