காலிக் கோப்பையைக் கொண்டாடிய பேத்தை மீன்

ஒரு கண்ணாடித் தொட்டியில் பேத்தை மீன் ஒன்று பெரியதனம் செய்துகொண்டிருந்தது. கோபம் வந்தாலும் பெருமை வந்தாலும் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன் அது. அதோடு ஓர் இறாலும், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டும், கோமாளி மீன் தம்பதியும் அங்கே வாழ்ந்தன. தூத்துக்குடியில் பல் டாக்டர் ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரியில்தான் அந்தத் தொட்டி இருந்தது. பல்வலியோடு காத்திருப்பவர்கள் வலியை மறக்க அதைப் பார்ப்பார்கள். அவர்கள் எல்லாரும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது பேத்தையின் எண்ணம்!

கடல் தண்ணீரைத் தொட்டியில் அடைத்து வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். அதற்காக மூலையில் உயரமாக ஒரு நுரைக்குழாய் நின்றது. அதன் அடியில் விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை. மோட்டார் ஊதும் காற்று அந்தக் கட்டையின் நுண்ணிய துளைகள் வழியே பொடிக் குமிழிகளாக வரும். குமிழிகளில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறும். உச்சியில் இருக்கும் கோப்பையில் போய் விழும். டாக்டர் வாரம் ஒருமுறை அந்தக் கோப்பையைக் கழுவி வைப்பார்.

ஒருநாள் காலையில் பேத்தை கோப்பையை எட்டிப் பார்த்தது. அதில் பொட்டு அழுக்குகூட இல்லை.

"எல்லாரும் இங்க வாங்கடே! கோப்பை காலி! நம்ம தொட்டியில அழுக்கே ஒழிஞ்சு போச்சு!" என்று கத்தியது. சந்தோஷத்தில் உடம்பு உப்பிவிட்டது.

டாக்டரும் பார்த்தார். "பரவாயில்லையே! கழுவுற வேலை மிச்சம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரார் பல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் அழுக்கையெல்லாம் தேடித் தேடி எடுப்பவர் அவர். சொந்தத் தொட்டி என்றதும் கண் மறைத்துவிட்டது.

கோமாளி மீன்கள் மட்டும் கொண்டாட்டத்துக்கு வரவில்லை. அவை ஒரு கல்லின்மேல் முட்டையிட்டிருந்தன. தகப்பன் மீன் ஓயாமல் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. ஆனாலும் முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன.

"இறாலக்கா, இன்னைக்கும் எட்டு முட்டை போச்சு! இந்தத் தண்ணியில மூச்சுவிடவே முடியல. இப்படியே போனா ஒண்ணுகூட மிஞ்சாதுக்கா!" என்று அழுதது தகப்பன் மீன்.

இறால் விறுவிறுவென்று நுரைக்குழாய்க்குப் போய், மீசையால் கட்டையைத் தடவிப் பார்த்தது. கட்டை வழவழவென்று இருந்தது. துளைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. முன்பெல்லாம் பால் பொங்குவதுபோல வரும் குமிழிகள், இப்போது பட்டாணி அளவில் ஒன்றிரண்டாக வந்து வெடித்தன.

"அழுக்கு ஒழியல அண்ணாச்சி!" என்றது இறால். "கோப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் இங்கதான் கெடக்கு. அதுலதான் நாம நீந்திக்கிட்டு இருக்கோம். கட்டையை மாத்தணும்!"

"மாத்தணுமா? ரெண்டு மாசமா நமக்காக உழைச்ச கட்டை அது! நன்றி வேண்டாமா?" என்று சீறியது பேத்தை. "குமிழியைப் பாரு! முன்ன பொடிசா வந்துது, இப்ப எம்புட்டுப் பெருசா வருது! கட்டை நல்லா வளந்துட்டுன்னு அர்த்தம்!"

"பெரிய குமிழி வெடிச்சிட்டுப் போயிரும் அண்ணாச்சி. அழுக்கை ஏத்திட்டுப் போகாது."

"எனக்கே பாடம் சொல்லுதியா? போ அங்கிட்டு!"

எனக்கு இந்தப் பேத்தையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

இறால் அதோடு மல்லுக்கட்டவில்லை. நேராக நண்டிடம் போனது. "அண்ணே, அந்தக் கட்டையைப் பிடுங்க முடியுமா?"

"பிடுங்கிட்டா வர்ற கொஞ்சக் குமிழியும் போயிருமே தாயி?"

"போகட்டும்! அது அடைச்சுக் கெடக்குறது டாக்டரம்மாவுக்குத் தெரியல. அவங்க கண்ணு முன்னால கொண்டுபோய் வச்சாத்தான் தெரியும்."

நண்டு வெளுத்த முட்டைகளை ஒரு பார்வை பார்த்தது. "சரி, ஆனது ஆகட்டும்!" என்று குழாயின் அடியில் நுழைந்து, கட்டையைக் கொடுக்கால் கவ்வித் திருகியது.

"நாசமாப் போறவனே! விடுடே அதை!" என்று பேத்தை பாய்ந்து வந்தது. ஆனால் கோபத்தில் உப்பிப்போன உடம்பு குழாய் இடுக்கில் நுழையவில்லை! நண்டு இன்னொரு திருகு திருகியது. 'டக்'கென்று கட்டை கழன்றது.

குழாய் கொடகொடவென்று அலறியது. காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டாக்டர் ஓடிவந்தார். அதற்குள் நண்டு, ஊறிக் கனத்த கட்டையை உருட்டித் தள்ளி முன்பக்கக் கண்ணாடியோரம் கொண்டுவந்து, அதன்மேல் ஏறி நின்று கொடுக்கை ஆட்டியது.

டாக்டர் கட்டையை எடுத்து நகத்தால் அழுத்தினார். சேறாக ஒழுகியது.

"அடப்பாவமே! மாசம் ஒருதடவை மாத்த வேண்டிய கட்டையாச்சே! ரெண்டு மாசமா மறந்தே போனேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே புதுக்கட்டை ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, சாயங்காலமே பொருத்திவிட்டார். குழாய் முழுக்கப் பால்போலக் குமிழி பொங்கியது.

மறுநாள் காலையில் கோப்பை நிறைந்து வழிந்தது. சுக்குக் காப்பி நிறத்தில் ஒரே நாற்றம்!

"ஐயையோ! நான் அப்பவே சொன்னேன்! புதுக்கட்டை தொட்டிக்குள்ள அழுக்கைக் கொண்டு வந்துட்டு!" என்று அலறியது பேத்தை.

"கொண்டு வரல அண்ணாச்சி, கொண்டு போகுது!" என்று சிரித்தது இறால்.

டாக்டர் கோப்பையைக் கழுவி வைத்தார். மறுபடி நிறைந்தது. ஒவ்வொரு முறை நிறையும்போதும் நண்டு சங்கைத் தரையில் தட்டி ஆர்ப்பரித்தது. நான்கே நாளில் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்தது. அதன்பின் ஒரு முட்டைகூட வெளுக்கவில்லை. அவற்றுக்குள் வெள்ளிப் பொட்டுகளாகக் கண்கள் தெரிந்தன!

ஐந்தாம் நாள் முட்டைகள் உடைந்தன. தூசி தூசியாய்க் குஞ்சுகள் நீந்தி வெளியே வந்தன. "வந்துட்டாங்க! என் பிள்ளைங்க வந்துட்டாங்க!" என்று கோமாளி மீன் குட்டிக்கரணம் போட்டது. நண்டையும் இறாலையும் சுற்றிச் சுற்றி வந்து கும்பிட்டது.

பேத்தையின் உடம்பு வற்றிச் சின்னதாகிவிட்டது. "மன்னிச்சிரு தாயி. காலிக் கோப்பையைப் பாத்து ஏமாந்துட்டேன்" என்றது இறாலிடம். அன்றுமுதல் குமிழி கொஞ்சம் பெரிதானாலும் போதும், "டாக்டரம்மா! கட்டை! கட்டை!" என்று கண்ணாடியில் முட்டி ஊரைக் கூட்டும் வேலையைப் பேத்தையே எடுத்துக்கொண்டது.

அழுக்கு கண்ணில் படவில்லை என்பதற்காக எல்லாம் சுத்தம் என்று மகிழ்ந்துவிடாமல், அழுக்கை எடுக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து, பழுதானதைக் காலத்தோடு மாற்றுபவர்களே பிழைப்பார்கள்.