கலையாத இஸ்திரி

வியாசர்பாடியில் ஒரு கால்பந்து கிளப். புதுக் கோச் வந்ததும் வரிசையாக மூன்று தோல்வி. டிரஸ்ஸிங் ரூமில் எல்லாரையும் நிற்கவைத்து, முதலாளி கனகசபாபதி தையத்தக்கா என்று குதித்தார்.

"இந்தக் கோச் சுத்த தண்டம்! இன்னியோட அனுப்புறேன்!"

ஜெர்சி துவைக்கும் தேசம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல மொதலாளி, நல்ல கோச்சு."

"பந்தைத் தொட்டிருக்கியா நீ? இப்பவே நிரூபி. இல்லேன்னா அவரோட நீயும் கிளம்பு!"

தேசம்மா அழுக்குக் கூடையைத் தூக்கிவந்து அவருடைய பளபள ஷூ மேலேயே கவிழ்த்தாள். நேற்று போட்டு ஆடிய ஜெர்சிகள். ஒரே சேறு, புல், வியர்வை வாடை!

"பழைய கோச்சு இருந்தப்ப ஒரு அலசு அலசுனா போதும். இப்ப அடிச்சுத் துவைச்சே கை கழண்டுபோவுது. பசங்க அப்படி ஓடுறாங்க! இது ஒண்ணுதான்..." என்று ஒன்பதாம் நம்பரை உதறிக் காட்டினாள். "நான் போட்ட இஸ்திரி மடிப்புகூடக் கலையாமத் திரும்பி வருது. கோல் அடிக்கவேண்டியவரு இவருதானாமே?"

முதலாளி பிடிவாதமாக டீமில் சேர்த்த அவர் மகன் பக்கம் எல்லார் கண்ணும் திரும்பியது. முதலாளி தன் ஷூவைப் பார்த்தார். கோச்சை அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த ஆட்டம் இரண்டுக்கு ஒன்று, வெற்றி! அன்றைக்கு ஒன்பதாம் நம்பரை வெளுக்க மட்டும் தேசம்மாவுக்கு ஒரு முழு சோப்பு கரைந்தது.