இரவல் தாத்தாவோடு பெண் பார்க்கப் போனது

மந்தியூர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். போய்விட்டால் திரும்ப வழி கேட்க வேண்டியிருக்கும்; வழி சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அந்த ஊர் இசக்கிராஜாவுக்கு இரண்டு இடத்தில் சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பேச்சிமுத்து, கொம்பையா, வானமாமலை என்ற மூன்று கூட்டாளிகள் கூடப் போய் வாயைத் திறந்ததுதான் காரணம். நான்கு பேரும் பட்டதாரிகள். அதற்கு ஊர் என்ன செய்யும்?

மூன்றாவது இடத்துப் பெண் பொன்வடிவு. அவளுடைய போட்டோவைப் பார்த்ததிலிருந்து இசக்கிராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் போனால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவன் அம்மா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். பக்கத்துத் தெரு ஆவுடையப்பத் தாத்தாவைத் துணைக்கு இரவல் வாங்கிவிட்டு, நால்வரையும் கூப்பிட்டாள்.

“மூதேவிகளா, பெரியவரு கூட வாராரு. அவரு என்ன செய்யுதாரோ அதையே செய்யுங்க. மீறி ஒண்ணும் செய்யாதீங்க. வெளங்குதா?”

“வெளங்குது அத்தை.”

பஸ்ஸில் தாத்தா சொன்னார்: “ஏ ராஜா, அங்க என்ன கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். பொண்ணைப் பிடிச்சிருந்தா வாயைத் திறந்து பிடிச்சிருக்குன்னு சொல்லிரு.” நடுவில் கொஞ்சம் இருமினார்.

நால்வரும் இமைக்காமல் அவரைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளைகள்கூடத் தன் முகத்தை அப்படிப் பார்த்து வெகுகாலமாகியிருந்ததால், தாத்தா உருகிப்போனார்.

“இருமலைக் கவனிச்சியாலே?” என்றான் கொம்பையா ரகசியமாக.

“கவனிச்சேன். ரெண்டாவது இருமல் கொஞ்சம் நீளம்.”

“அவரு சொன்ன பேச்சு?”

“அதை நம்மகிட்டத்தான சொன்னாரு, அங்க செய்ய வேண்டியது இல்லையே.”

பெண் வீட்டில் தாத்தா இருமினார். நால்வரும் இருமினார்கள், இரண்டாவதை நீட்டி. பெண்ணின் அத்தை மிக்சர் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

தாத்தாவின் பல்செட்டில் கடலை சிக்கிக்கொண்டது. செட்டைக் கழற்றித் துண்டில் வைத்தார். நால்வருக்கும் வியர்த்துவிட்டது.

“நம்ம பல்லு கழறாதேலே?”

“வாயிலிருந்து எதையாவது எடுத்து வச்சாப் போதாதா?” என்றான் வானமாமலை. அவர்களில் அவன்தான் தங்கப்பதக்கம் வாங்கியவன்.

மென்ற மிக்சரை எடுத்து நால்வரும் கைக்குட்டையில் மரியாதையாக வைத்தார்கள். அத்தை சுவரைப் பார்த்தாள்.

பொன்வடிவு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் அப்பா உலகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்ன மாப்பிள்ளை, பொண்ணைப் பிடிச்சிருக்கா?” என்றார்.

ரொம்ப நேரம் உட்கார்ந்தால் தாத்தாவின் தலை லேசாக ஆடும். இடமும் வலமும், வயதின் ஆட்டம். அப்போதும் ஆடியது. கூடவே நான்கு தலைகள் ஆடின. இசக்கிராஜாவின் கண் அவளை விட்டு நகரவில்லை. தலை மட்டும் மாட்டேன் மாட்டேன் என்றது.

பொன்வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத்தை, கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே மாட்டேங்காரு. அப்பாவை இன்னொரு தரம் கேக்கச் சொல்லுங்க.”

உலகநாதன் நல்ல மனிதர். பையன் வெட்கப்படுகிறான் போலிருக்கிறது, பேச்சை மாற்றிவிட்டுக் கேட்போம் என்று தாத்தாவிடம் திரும்பினார். “வீட்டுல ஆச்சியைக் கூட்டிட்டு வரலியா ஐயா?”

“எங்க கூட்டிட்டு வர?” என்றார் தாத்தா. “என் வீட்டுக்காரி என்னைத் தனியா விட்டுட்டுப் போயே பத்து வருசமாச்சு.” துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

நால்வரும் கைக்குட்டையை முகத்தில் பொத்தினார்கள். மிக்சர் உதிர்ந்தது.

“என் வீட்டுக்காரி என்னைத் தனியா விட்டுட்டுப் போயே பத்து வருசமாச்சு!”

உலகநாதன் எழுந்துவிட்டார். “மாப்பிள்ளை, உமக்குமா?”

இசக்கிராஜா தாத்தாவைப் பார்த்தான். தாத்தா மூக்கைச் சிந்திக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார். அவனும் மூக்கைச் சிந்தித் தலையசைத்தான்.

“ரெண்டாந்தாரத்துக்கா என் பொண்ணு? வெளிய போங்கடா!”

கதவோரம் காலியாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் இசக்கிராஜா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வந்தான். பேச்சிமுத்து கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவன் விலாவில் ஓங்கி இடித்தான்.

“நிறுத்துலே! தாத்தா அப்பவே அழுது முடிச்சிட்டாரு. உங்கம்மா சொன்னதை மீறி, நீயா எதுக்குலே அழுத?”