ஆறு எண்களுக்குப் பத்து நிமிடம்

ஒரு மாவு மில்லில் ஒரு செல்போனும் ஒரு கிரைண்டரும் இருந்தன. இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

மில் சங்கரேஸ்வரியுடையது. தெருப் பெண்கள் காலையில் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் வாளிகளில் கொண்டுவந்து வைப்பார்கள். மாலையில் மாவாக எடுத்துப் போவார்கள். கிரைண்டர் பழைய மோட்டாரில் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. புது மோட்டாருக்காகச் சங்கரேஸ்வரி இரண்டு வருடமாக வங்கியில் பணம் போட்டுவந்தாள். அடுத்த வாரம் வாங்கிவிடுவதாக ஏற்பாடு.

போனுக்கு அன்று கர்வம் தாங்கவில்லை. அதற்குள் புதிதாக ஒரு செயலி குடிவந்திருந்தது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் பெயரைச் சொல்லிவிடும்.

"இனிமே என்கிட்ட ஒருத்தன் பாச்சா பலிக்காது. வாசல்ல நிக்கும்போதே ஆள் யாருன்னு தெரிஞ்சிரும்" என்றது போன்.

"பேரை யாரு சொல்றா?" என்றது கிரைண்டர்.

"அந்த நம்பரை நாலு பேரு என்ன பேர்ல பதிஞ்சு வச்சிருக்காங்களோ, அதான் பேரு."

"அந்த நாலு பேரு யாரு?"

"நீ உளுந்தைப் பாரு."

அப்போது மணி அடித்தது. திரையில் 'கரண்ட் ஆபீஸ்' என்று பெயர் விழுந்தது. போன் பெருமையில் தொண்டை கிழியப் பாடியது. சங்கரேஸ்வரிக்குக் கை நிறைய மாவு. புறங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க மீட்டரைப் புதுப்பிக்கவே இல்ல. இன்னும் பத்து நிமிஷத்துல லைனைக் கட் பண்ணிருவோம்."

"ஐயையோ! இருபது வீட்டு அரிசி ஊறிக்கிடக்கு சார்!"

"பதறாதீங்க. உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க, முடிஞ்சது."

கிரைண்டருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. "வைக்கச் சொல்லு! போனை வைக்கச் சொல்லு!" என்று கத்தியது. வெளியே கேட்டது கடமுடா என்ற சத்தம்தான்.

"ஆத்தாடி, இப்பவே லைன் ஆடுதே!" என்று சங்கரேஸ்வரி இன்னும் பயந்துபோனாள்.

கிரைண்டர் வாயை மூடிக்கொண்டு ஓடியது.

ஆறு எண்கள் கைகோத்தபடி திரையில் வந்து குதித்தன. முதல் எண்ணான ஏழுக்கு மூச்சிரைத்தது.

"எங்களுக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுசு. நாங்க பேங்க்ல இருந்து வர்றோம், கரண்ட் ஆபீஸ்ல இருந்து இல்ல. யார்கிட்டயும் எங்களைச் சொல்லக் கூடாதுன்னு தலைக்கு மேலயே எழுதியிருக்கு. அந்தம்மாவைப் படிக்கச் சொல்லு!"

"அது இங்கிலீஷு. அவுக நம்பரை மட்டும்தான் பாப்பாக" என்றது போன்.

"அப்ப எங்களை மறைச்சிரு. நாங்க அவன் காதுக்குப் போனா மோட்டார்ப் பணம் மொத்தமும் போச்சு."

கிரைண்டருக்குக் கல் ஒரு சுற்று தடுமாறியது.

"காட்டுறதுதான் என் வேலை" என்றது போன். "அதோட, வந்திருக்கிறது கரண்ட் ஆபீஸு. பேரைப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு!"

அலமாரியிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு தூக்குவாளி. அதன் வயிற்றில் 'சு. பொன்னுத்தாய்' என்று புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டியிருந்தது.

"என் மேலயும் தெளிவாத்தான் இருக்கு. பொன்னுத்தாயி வீட்டுல நான் ஒருநாள்கூட இருந்ததில்ல தெரியுமா? பாத்திரக் கடையில வெட்டினாக, நேரா கல்யாண மண்டபத்துல மொய்யாக் கொண்டுபோய் வச்சாக. இருக்கிறது கோமதி வீட்டுல."

போன் பதில் சொல்வதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் உள்ளே வந்தார்.

"எக்கா, நான் பொன்னுத்தாயி வீட்டுக்காரன். மாவை வாங்கிட்டு வரச் சொன்னா. அந்தா, பேரு வெட்டின தூக்கு. எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டபடியே அதைக் கையில் எடுத்துவிட்டார்.

திரையிலிருந்த எண்களைப் படிக்க வாயெடுத்த சங்கரேஸ்வரி நிமிர்ந்தாள். பயம் ஒரு பக்கம் இருக்க, மில்காரி வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"அண்ணே, வைங்க கீழ! பேரைப் பாத்து மாவு குடுத்தா நான் கடையை மூட வேண்டியதுதான். உங்க வீட்டம்மா மொய்யா வச்ச பாத்திரம் இந்தத் தெருவுல பதினஞ்சு வீட்டுல கிடக்கு. எத்தனை படி அரிசி போட்டீக?"

"தெரியலையேக்கா."

"உளுந்து?"

"அவதான போட்டா."

"அப்ப வீட்டுல கேட்டுட்டு வாங்க. போட்டவுகளுக்கு அளவு தெரியும்."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். தூக்கின் மேலிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு திரையின் மேலிருந்த பெயரைப் பார்த்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நம்பர் சொல்லுங்க, நேரம் போகுது" என்றது போனுக்குள்ளிருந்த குரல்.

"சொல்றேன் சார். அதுக்கு முந்தி, என் சர்வீஸ் நம்பர் என்ன?"

"அதை நீங்கதான் மேடம் சொல்லணும்."

"போன தடவை எத்தனை யூனிட் ஓடுச்சு?"

"மேடம், அதெல்லாம் பேச நேரமில்ல, கட் பண்ணிருவோம்..."

"நீங்களும் வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிப் புறங்கையால் அணைத்தாள்.

ஹெல்மெட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னை மாதிரியே இன்னொரு ஆளாக்கா?"

"நீங்க பரவாயில்லண்ணே. மாவு ஒண்ணுதான் கேட்டீக."

கையைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய மின் அட்டையை எடுத்து அதில் அச்சிட்டிருந்த எண்ணுக்குத் தானே போன் போட்டாள். "அப்படி ஒண்ணுமில்லம்மா. நம்ம ஆபீஸ் பேரை வச்சுக்கிட்டு எவனோ ஊரெல்லாம் இதையே சொல்லிட்டு இருக்கான்" என்றார்கள்.

கிரைண்டர் இருமாமல் மூன்று சுற்றுச் சுற்றியது.

போனுக்குத்தான் முகம் செத்துவிட்டது. பத்து நிமிடம் முடிய இன்னும் சில நொடிகளே இருந்தன. ஆறு எண்களும் திரையில் சோர்ந்து சாய்ந்துகொண்டிருந்தன.

"என்னால உங்க ஆயுசே வீணாப்போச்சு" என்றது போன் மெல்ல.

கடைசி எண்ணான மூன்று, கண்ணைத் திறந்து சிரித்தது.

"வீணா? ஒருத்தன் காதுலயும் விழாம போறோம். எங்க வம்சத்துல இதைவிட நல்ல சாவு கிடையாதுப்பா."