கரிய சேற்றில் செஞ்சுவர்

அந்தக் காலத்தில், புழுவும் நுண்ணுயிரும் வாய்விட்டுப் பேசிய நாளில், ஆழ்கடலின் அடிச்சேறு முழுக்க ஒரே பழுப்பு நிறம். குளிர்ந்த நீரோட்டம் மேலேயிருந்து காற்றைக் கரைத்துக்கொண்டு வரும். அந்தக் காற்று சேற்றுக்குள் வெகு ஆழம் வரை தாராளமாக இறங்கும்.

அந்தச் சேற்றில் வளை தோண்டிக் குடியிருந்தாள் நெளிச்சி என்ற புழு. வெகு கீழே, காற்று எட்டாத மூலையில், கரியனும் அவன் கூட்டமும் கிடந்தார்கள். காற்றுப் பட்டாலே செத்துப்போகும் பொடிசுகள். ஆள் கண்ணுக்குத் தெரியாது, வாய் மட்டும் நீளம்.

ஒரு வருஷம் மேலே கடல்பாசி மண்டிச் செத்து, மழையாக அடியில் கொட்டியது. எல்லாரும் மூக்குமுட்டத் தின்றார்கள். தின்றவர்கள் மூச்சுவிட்டதில் காற்று மேல் விரலளவுச் சேற்றிலேயே தீர்ந்துபோனது. அதற்குக் கீழே காற்று இல்லை என்றதும் கரியன் கூட்டம் மேலேறி வந்து, புதைந்த இரையைத் தின்று, அழுகிய முட்டை நாற்றத்தை மூச்சாக விட்டது. அந்த நாற்றம் பட்டுச் சேற்றில் பொடியாய்க் கலந்திருந்த இரும்பெல்லாம் கறுத்தது.

நெளிச்சி அப்போதுதான் வளைச்சுவரில் முட்டை வைத்திருந்தாள். நாற்றம் வந்ததும் பதறிப்போய், நாமெல்லாம் செய்வதைத்தான் செய்தாள். வாசலைச் சேறு வைத்து அடைத்தாள். சற்று நேரத்தில் இரண்டு முட்டைகள் கறுத்துத் தொங்கின.

"அடேய் கரியா, மூச்சக் கொஞ்சம் அடக்குடா! எம் பிள்ளைக சாவுதுடா!"

"நான் என்ன செய்ய மதினி? அத விடாட்டா நாங்க செத்துருவோம். நாத்தம் செவுரு வழியால்லா வருது? வாசல் வழியா வந்தது காத்துதான. அத அடச்சது நீங்கதான?"

நெளிச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் சொன்னது உண்மை.

தலையால் முட்டி வாசலைத் திறந்தாள். நீர் தானாக உள்ளே வரவில்லை. உடம்பைத் தலையிலிருந்து வால் வரை வளைத்து வளைத்து ஆட்டினாள். நீர் வந்தது, அதோடு காற்றும் வந்தது. சுவரிலிருந்த இரும்பு துருப்பிடித்துச் சிவந்தது. சுற்றுச் சேற்றிலிருந்து வந்த நாற்றம் அந்தத் துருவில் சிக்கி அங்கேயே நின்றது. களைத்து ஒரு கணம் ஓய்ந்தாள். சிவப்பு கறுக்கத் தொடங்கியது. பிறகு அவள் ஓயவே இல்லை.

நாள் கடந்து முட்டைகள் பொரிந்தன. பிள்ளைகள் வாசல் வழியே ஒவ்வொன்றாக வெளியேறித் தம் வழி போயின. அந்த இரண்டு மட்டும் சுவரில் அப்படியே ஒட்டியிருந்தன.

"மதினி, அதுக இனிப் பொரியாது. ஆட்டுறத விடுங்க" என்றான் கரியன். இந்த முறை அவன் குரல் தணிந்திருந்தது.

"நீ சும்மா கெட" என்றாள் நெளிச்சி.

அன்று முதல்தான் கடலடிச் சேறு மேலே விரலளவு பழுப்பாகவும் அதன் கீழே கறுப்பாகவும் இருக்கிறது. அந்தக் கறுப்புக்குள் புழுவின் வளைச்சுவர் மட்டும் துருச்சிவப்பு. உள்ளே புழு, முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.