மூன்று ஆறுகள்

"இதுல தண்ணி அசையுது பாருங்க மேடம்," என்று தணிகாசலம் லேப்டாப்பை ரிஸ்வானா பக்கம் திருப்பினார். "இன்னொண்ணுல நிழல்கூட விழுது. முதல்ல செஞ்சதுல வெறும் நீலக் கட்டம்தான். எந்த எஞ்சின்ல கேமை முடிக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

ரிஸ்வானாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தனி ஆளாக இரண்டு கேம் செய்து வெளியிட்டவள். தணிகாசலம் மின்வாரியத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு படகோட்டியைப் பற்றிக் கேம் செய்யக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்தவர். அந்த ஒரே கேமை இதுவரை மூன்று எஞ்சின்களில், அதாவது கேம் செய்யும் மென்பொருள்களில், தொடங்கிப் பார்த்துவிட்டார். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். யாரிடம் யார் கற்கிறார்கள் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"செல்வமேரி என்ன சொல்றாங்க?"

செல்வமேரிதான் கேமுக்குப் படம் வரைகிறவள். தணிகாசலம் எஞ்சின் மாற்றும்போதெல்லாம் படகையும் ஆளையும் முதலிலிருந்து வரைந்து கொடுத்தவள்.

"இன்னொரு தடவை வரையச் சொன்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்கன்னுட்டா. அவ கோடு இல்லாம இந்தக் கேம் இல்லை மேடம். அதான், இந்தத் தடவை தப்பிடக் கூடாது."

"புதுசா நாலாவது ஒரு எஞ்சின் வந்திருக்காமே சார்."

"காலைலயே இறக்கிட்டேன்," என்றார் தணிகாசலம், குரலைத் தாழ்த்தி.

ரிஸ்வானா சிரித்துவிட்டாள். லேப்டாப்பை மடிக்கு எடுத்துக்கொண்டு முதலில் செய்த கேமைத் திறந்தாள். நீலக் கட்டத்தில் ஒரு படகு. படகில், தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். ரிஸ்வானா படகை ஓட்டினாள். அக்கரை வந்தது. பெண் அசையவில்லை.

"இறங்கலையே."

"அது இன்னும் எழுதலை. எஞ்சின் முடிவாகட்டும்னு விட்டு வச்சிருக்கேன்."

அவள் படகை இக்கரைக்குத் திருப்பினாள். மறுபடி அக்கரைக்குக் கொண்டுபோனாள். எந்த எஞ்சின் செல்போனில் திணறாமல் ஓடும் என்று தணிகாசலம் விளக்க ஆரம்பித்தார். அவள் "ம்" போட்டுக்கொண்டே இரண்டாவதைத் திறந்தாள். தண்ணீர் அசைந்தது, ஒரு மீன்கூடத் துள்ளியது. கரையில் படகு முட்டியது. பெண் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவதில் வெயில் சாய்ந்திருந்தது. மெஷினின் நிழல் ஆற்றில் நெளிந்தது. கரை வந்ததும் ரிஸ்வானா விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தணிகாசலமும் பேச்சை நிறுத்தினார். அலை வந்து படகைத் தொட்டுத் தொட்டுப் போனது. பெண் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தவரை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"யாரைப் பார்க்கப் போறா இவ?"

"யாரையும் இல்லை. தையல் கடை போடப் போறா. அந்த ஊர்ல அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது."

"இறங்கினதும் என்ன பண்ணுவா?"

தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கதான் மேடம் நிக்குது. எனக்கும் அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியலை."

"தண்ணியை நல்லா செஞ்சிருக்கீங்க சார்."

"அப்போ எந்த எஞ்சின்?"

"எதுல இவ முதல்ல இறங்குறாளோ, அதுல."

தணிகாசலம் லேப்டாப்பை வாங்கி, நீலக் கட்டம் இருந்த முதல் கேமையே திறந்தார். பிறகு போனை எடுத்தார்.

"மேரி, முதமுதல்ல வரைஞ்ச படமெல்லாம் வச்சிருக்கியா? இல்லம்மா, மாத்தலை. சத்தியமா மாத்தலை. அதே படம்தான். அந்தப் பொண்ணு மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கரையில கால் வைக்கணும், அது ஒண்ணு மட்டும் வேணும்... எந்தக் கால் முதல்லயா? இரு, சொல்றேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். மூலையிலிருந்த தண்ணீர் கேனை மெஷினைப் போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். கீழே பார்க்க முடியாமல், வாசற்படியைக் காலால் தேடிக்கொண்டு நடந்தார்.

ரிஸ்வானா வழியில் கிடந்த நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.