எலுமிச்சம்பழம் கிடைக்காத வண்டி

அந்தக் காலத்தில் வண்டிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. சாவி திருக வேண்டாம், உதைக்க வேண்டாம். "கிளம்புவோமா?" என்று கேட்டால் "ம், ஏறு" என்று கிளம்பிவிடும். பஸ் ஊர்க்கதை பேசும். லாரி அதட்டும். டிராக்டர் மழை வருமா வராதா என்று புலம்பிக்கொண்டே போகும். இருக்கிற வண்டிகளிலேயே மெதுவாகவும் மரியாதையாகவும் பேசியது சின்ன மோட்டார் சைக்கிள்தான். அது என்ன பாவம் செய்ததோ, அதன் பேச்சைத்தான் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

அப்படி ஒரு சின்ன மோட்டார் சைக்கிளை ஒச்சம்மா வைத்திருந்தாள். குருவி என்று அதற்குப் பேர். ஒச்சம்மாவுக்கு வாழை இலை வியாபாரம். காலையிலேயே தோட்டத்தில் இலை அறுத்து, கட்டுக் கட்டி, குருவியின் முதுகில் ஏற்றிக்கொண்டு டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவாள். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள்.

"அக்கா, பள்ளம் வருது. இறுக்கிப் பிடிச்சுக்க."

"பிடிச்சுத்தான் இருக்கேன். அந்த மெஸ்காரன் நேத்து இலை கிழிஞ்சிருக்குன்னு மூஞ்சியக் காட்டுனான் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அவன் அடுப்படியப் பாத்தா நம்ம இலை அழப்போகுது."

ஒச்சம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். புருஷன் செத்துப்போன வீட்டில் அவளோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? சோறு போட்டதும் குருவிதான், பேச்சுத்துணையும் குருவிதான்.

அந்த ஊரில் வண்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆயுத பூஜை அன்று எல்லா வண்டியும் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வழிகாத்தாள் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும். பூசாரி மொக்கச்சாமி சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்புகிற வண்டிதான் அந்த வருஷம் ரோட்டில் ஓடலாம். நசுக்காத வண்டி அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். இது வழிகாத்தாள் வாக்கு. அதை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அந்த வருஷம் பூஜைச் சாமான் வாங்கப் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? லாரியா? "எனக்குச் சந்துக்குள்ள திரும்ப முடியாதுப்பா" என்று லாரி நழுவிக்கொண்டது. பஸ்ஸைக் கேட்டால், "நான் குளிச்சு மாலை போட்டாச்சு. புழுதி ஒட்டும்" என்றது. டிராக்டருக்கு அன்றைக்குப் பார்த்து இடுப்பு வலி வந்துவிட்டது. போனது குருவிதான். வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி மூட்டை, மாலை மாலையாகப் பூ, பை நிறைய எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் சந்தைக்கும் கோயிலுக்குமாக மாறி மாறிச் சுமந்தது. தொழிலுக்கு ஆள் வேண்டும் என்றால் குருவி, மரியாதைக்கு மட்டும் மற்றவர்கள். என்ன நியாயமோ!

எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து குளிக்கும்போது குருவி சொன்னது.

"அக்கா, போன வருஷமும் கடைசியா மிஞ்சின அழுகல் பழத்தைத்தான் எனக்கு வச்சாங்க. இன்னைக்கு நான் கேட்கத்தான் போறேன்."

ஒச்சம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஐயய்யோ, பெரியவங்க கூடுற எடத்துல வாயைத் தொறந்துராத. திமிரு பிடிச்ச வண்டின்னு நாளைக்கு ஒரு கடையிலயும் இலை வாங்க மாட்டான். கேட்க வேண்டியதை நான் நயமாக் கேட்டுக்கிறேன்."

"நீ நயமாக் கேட்டு இதுவரைக்கும் என்னக்கா கிடைச்சுது?"

அதற்கு ஒச்சம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பிடி வாழைச்சருகை எடுத்து, இறுக்கிச் சுருட்டி, குருவியின் புகைக்குழாயில் திணித்துவிட்டாள். அந்தக் காலத்தில் வண்டிகளின் வாய் அதுதான். தன் வண்டியின் வாயைத் தானே அடைத்து, அது கிளம்ப முடியாமல் போனதால் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். ஊருக்குப் பயந்த மனுஷி, வேறென்ன சொல்வது!

கோயில் முன்னால் வரிசை நிறைந்திருந்தது. பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் தெரிய, ஒச்சம்மா குருவியை அங்கே நிறுத்தப்போனாள்.

"ஏம்மா, எங்க வர்ற?" என்றது பஸ். "இது பெரிய வண்டிங்க நிக்கிற எடம். சைக்கிளோட போய் நிறுத்து."

சைக்கிள்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே இருந்த பழைய சைக்கிள் ஒன்று மணியைச் சிணுக்கிக்கொண்டு, "அது பெட்ரோல் குடிக்கிற வண்டி. எங்க வரிசையில எப்படிச் சேப்போம்? அந்தப் பக்கம் போங்க" என்றது.

குருவிக்குள்ளே சொல்லவேண்டிய பதில் கிளம்பி வந்து சருகில் முட்டி நின்றது. ஒச்சம்மா பூசாரியிடம் ஓடினாள்.

"சாமி, எங்க வண்டிக்கு ஒரு பழம்."

மொக்கச்சாமி வெறும் பையை உதறிக் காட்டினார். "தீந்துபோச்சே ஒச்சம்மா. வெரசா வரக்கூடாதா?"

"அந்தப் பழத்தைச் சுமந்து வந்ததே என் வண்டிதான், சாமி. அதனாலதான் நேரமாச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"ஒரு வருஷம் வண்டி ஓடலைன்னா நான் எதைத் தின்னுவேன்? லாரியண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மாலைக்குள் முகம் தெரியாமல் நின்ற லாரி கொட்டாவி விட்டது. "இத்தூனூண்டு வண்டி ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? நல்ல நேரம் போகுது. சூடத்தைக் காட்டுங்க சாமி."

சுமக்கும்போது மட்டும் அது இத்தூனூண்டு என்று தெரியவில்லையா? குருவிக்கு உள்ளே பற்றி எரிந்தது. வந்த பேச்செல்லாம் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடைந்துகொண்டது. ஒச்சம்மாவுக்கும் கண் மண் தெரியாத கோபம். ஆனால் லாரியை அடிக்க முடியுமா? பூசாரியைத் திட்ட முடியுமா? "வா போவோம், நமக்கு இங்க என்ன வேலை" என்று குருவியை இழுத்தாள். அது அசையவில்லை. குருவியின் பக்கவாட்டில் எதற்கென்றே தெரியாத ஒரு கம்பி அந்தக் காலத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் காலில் வைத்து, அந்தக் கம்பியில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

ஊர் பேசியதைக்கூட குருவி பொறுத்துக்கொண்டிருக்கும். அக்காவே உதைத்ததைப் பொறுக்கவில்லை.

படார்!

வாழைச்சருகு பறந்துபோய் கோயில் மணியில் அடித்தது. பூசாரி கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. அத்தனை பெரிய லாரி பயத்தில் பின்வாங்கிவிட்டது. பின்வாங்கியதும் பார்த்தால், அதன் பின்சக்கரங்கள் எல்லாவற்றின் அடியிலும் எலுமிச்சம்பழம். முன்சக்கரத்துக்குத்தான் பழம் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். லாரியின் அதட்டலுக்குப் பயந்து பூசாரி சக்கரம் தவறாமல் வைத்திருக்கிறார்!

நசுங்காத பழம் ஒன்று பிதுங்கி வெளியே வந்து, உருண்டு உருண்டு, நேராகக் குருவியின் முன்சக்கரத்தடியில் வந்து நின்றது.

மொக்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வந்து, குருவிக்குச் சந்தனம் வைத்தார். ஒச்சம்மா ஏறி உட்கார்ந்தாள். பழத்தை நசுக்கிக்கொண்டு குருவி ரோட்டுக்கு வந்தது.

"கேட்டுப்புட்டயே, கெட்டிக்காரி" என்றாள் ஒச்சம்மா. பதில் இல்லை. "பள்ளம் வருது, சொல்லலையா?" குருவி டுப் டுப் என்று மட்டும் போனது. அடைத்துவைத்த பேச்செல்லாம் அந்த ஒரே வெடியில் போய்விட்டது. இனி அதனிடம் பேச்சில்லை. ஒச்சம்மா நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, அதன் ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊர் அதன் வாயை அடைக்கவில்லை. அடைத்தது அவள்தான்.

மறுநாள் காலை "கிளம்புவோமா?" என்று கேட்டுப் பார்த்தாள். அசையவில்லை. மனசில்லாமல் கம்பியை மிதித்தாள். படார்! தெருவே எழுந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் குருவி கிளம்பியது. செய்தி பரவி, மற்றச் சின்ன மோட்டார் சைக்கிள்களும் பேச்சை விட்டுவிட்டு வெடிக்க ஆரம்பித்தன. அவமானம் தாங்காமல் பெரிய வண்டிகளும் வாயை மூடி, ஹாரனோடு நிறுத்திக்கொண்டன.

ஒரு நாள் மொக்கச்சாமி காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஒச்சம்மா, அந்தக் குழாயில ஒரு துணியக் கிணிய அடைச்சு வையேன்."

"ஒரு தடவ அடைச்சது போதும் சாமி. அது கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே இன்னொரு தரம் மிதித்தாள்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். சின்ன மோட்டார் சைக்கிளை இன்றைக்கும் யார் உதைத்தாலும், "என் பழம் எங்கே?" என்று ஊரே கேட்கும்படி ஒரு தடவை வெடித்துவிட்டுத்தான் அது கிளம்புகிறது.